அம்மாவுக்கு மனச்சோர்வு என்று எங்கள் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

வடவாற்றங்கரையான் (கேள்வி)

கேள்வி கடைசியில்தான் வரும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வேலை ஓசூரில், மாதம் ஒரு தடவை போய் வருவேன். அம்மாவுக்கு 63 வயது. அப்பா தவறி பதினாலு மாதம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறார். சித்தி வீடு பக்கத்துத் தெரு.

அம்மா வருத்தமாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. காலெல்லாம் இழுக்குது, வயிறு எரியுது, முதுகுல என்னமோ ஊறுது, நெஞ்சு படபடங்குது, இவ்வளவுதான் சொல்வார். ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் எங்கள் வீட்டில் விளக்கு எரிவதாகச் சித்தி சொல்கிறார். ஒரு வருடத்தில் 58 கிலோ 51 ஆகிவிட்டது. ரவிக்கை எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தாயிற்று.

என்னை உலுக்கியது வேறு ஒன்று. இரண்டு மாடு வைத்துப் பதினொரு வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார். இருபது வருடமாக அதற்கு ஒரு கணக்கு நோட்டு உண்டு. அப்பா இறந்த மறுநாள்கூட அதில் பால் கணக்கு இருக்கிறது. புரட்டாசியில் போனபோது எதற்கோ அதை எடுத்தேன். ஆடி 9 வரை எழுதியிருக்கிறது, அதற்கப்புறம் வெற்றுத்தாள். பால் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது, காசு கேட்கவில்லை. "ஏம்மா எழுதல?" என்றேன். "என்னத்த எழுதி" என்றார். அவ்வளவுதான் பதில்.

இனி டாக்டர். எனக்கு மூன்று வயதில் ஜுரத்தில் வலிப்பு வந்தபோது நடுராத்திரியில் மொபெட்டில் வீட்டுக்கு வந்தவர். அப்பாவின் கடைசி இருபது நாளும் தினம் வந்தார், ஒரு பைசா வாங்கவில்லை. இன்றைக்கும் நூறு ரூபாய்தான் பீஸ். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்தால் எண்பது டோக்கன். அவரைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கே கோபம் வரும்.

ஆனால் அம்மா விஷயத்தில் பத்து மாதமாக நடப்பது இதுதான். வாரம் ஒரு சிவப்பு நிறச் சத்து ஊசி. எட்டு மாதமாக ராத்திரிக்கு அல்பிரசோலம் 0.25, பதற்றம் தணித்துத் தூங்க வைக்கிற மாத்திரை. "எல்லாம் வயசும்மா, யோசிக்காதீங்க, பேரப்பிள்ளையோட போய் இருங்க." நடுவில் தஞ்சாவூருக்கு அனுப்பி எக்கோ, எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம். எல்லாமே நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் நாங்கள் சந்தோஷப்பட்டோம், அம்மா இன்னும் சுருங்கிப் போனார். கடைசி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் நடிக்கிறேனாடா?" என்று கேட்டார்.

ஐப்பசியில் நானும் கூடப் போனேன். "சார், அம்மாவுக்கு டிப்ரஷனா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "புருஷன் போயிருக்கார்டா. அழாம சிரிப்பாங்களா? செல்போன்ல படிச்சுட்டு வந்து அம்மாவைப் பைத்தியம் ஆக்காதே." அம்மா பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து என்னைக் கூட வரவிடுவதில்லை.

என் கேள்விகள் இரண்டு. காரணம் இருக்கிற துக்கம் நோய் ஆகாது என்கிறாரே, அது சரியா? அவரை எப்படிக் கேட்க வைப்பது? அம்மா வேறு யார் எழுதின மாத்திரையையும் தொடமாட்டார். அவர் கையெழுத்து இருந்தால்தான்.

கோவில்பட்டி எக்ஸ்பிரஸ்

டாக்டரை மாற்றுங்கள் பாஸ். இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய பதிவு? தஞ்சாவூரில் மனநல மருத்துவர்கள் இல்லையா? நன்றிக்கடன் வேற, வைத்தியம் வேற.

வடவாற்றங்கரையான்

தஞ்சாவூரில் ஒருவரிடம் டோக்கன் போட்டு, "கண் டாக்டர்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போனேன். அம்மா போர்டைப் படித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விட்டார். அதை எழுத வெட்கமாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

சேலத்து மாம்பழம்

நான் உங்கள் அம்மா பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

2016. எனக்கு 34 வயது, இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றரை வயது. தலைவலி, கை கால் மரத்துப் போவது, சாப்பாடு இறங்காதது, இப்படி ஒவ்வொன்றாகத் தெருமுனை டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு மனசுக்குத்தான் வைத்தியம் வேணும்மா" என்று நிதானமாகச் சொல்லி, மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இங்கே எல்லாரும் எந்த மாதிரி டாக்டர் வேண்டும் என்கிறீர்களோ அந்த மாதிரி டாக்டர்.

நான் என்ன செய்தேன்? கடிதத்தைக் கிழித்தேன். "என்னைப் பைத்தியம்னு சொல்லிட்டாரு, அந்தாளுக்கு ஒண்ணும் தெரியல" என்று தெரு பூராவும் சொன்னேன். என் மாமியார் போவதை நிறுத்தினார், எதிர்வீட்டு அக்கா நிறுத்தினார், இன்னும் இரண்டு வீடு நிறுத்தியது.

ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. அப்புறம் தைராய்டுக்குப் பார்த்த ஒரு பெரிய டாக்டர், "இது நரம்புக்கு" என்று ஒரு மாத்திரை சேர்த்து எழுதினார். ஒன்றரை மாதத்தில் எனக்கு ஆள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பேர் செர்ட்ராலின் 50. அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த அன்றைக்குத்தான் தெரியும். அவர் என்னை ஏமாற்றினாரா, காப்பாற்றினாரா? இன்றைக்கும் எனக்கு முடிவு தெரியவில்லை.

போன வருடம் பையனுக்குச் சளி என்று அந்தப் பழைய டாக்டரிடம் போனேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, என்னைப் போலவே உடம்பெல்லாம் வலி என்றார். டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராக பி காம்ப்ளெக்ஸ் எழுதினார். அவரை அப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டோ என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கழற்றி வைத்த ஸ்டெத்

தம்பி, உங்கள் டாக்டர் சொன்ன அந்த வசனத்தை நானும் குறைந்தது ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். 1981 முதல் 2019 வரை ஒரே ஊரில், ஒரே நாற்காலியில் 38 வருடம் உட்கார்ந்த பொது மருத்துவன் நான். வெறும் எம்பிபிஎஸ்தான். அவருக்காக வாதாட வரவில்லை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் மனநலம் என்றால் இரண்டு வாரம். பஸ் பிடித்துப் போவோம், வேடிக்கை பார்த்த மாதிரி பார்ப்போம், வருவோம். குரல் கேட்கிறவர், தன்னை ராஜா என்கிறவர், இவர்களைத்தான் காட்டினார்கள். முதுகுவலி என்று வந்து உட்காருகிற பால்காரம்மாவைக் காட்டி "இதுவும் அதுதான்" என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் மனநோய் என்ற சொல்லைக் கேட்டதும் என் தலைமுறை டாக்டருக்குக் கண்ணில் தெரிவது கீழ்ப்பாக்கத்து மதில்சுவர். உங்கள் அம்மாவை அந்தச் சுவருக்குள் தள்ளுகிறாய் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

அடுத்தது நேரம். எண்பது டோக்கன், மூன்று மணி நேரம். வகுத்துப் பாருங்கள். ஒரு நோயாளிக்கு இந்தியாவில் சராசரியாக இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் என்று பல நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2017-இல் வந்தபோது பத்திரிகைகள் அதிர்ச்சி என்று எழுதின. எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில் "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பது மதகைத் திறப்பது மாதிரி. வெளியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படி மூடுவது? கேட்கத் தெரியாமல் இல்லை தம்பி. பதில் வந்துவிடுமோ என்ற பயம். ஊசி போட்டால் நாற்பது விநாடி. அவருக்கும் ஏதோ செய்த திருப்தி, எனக்கும்.

ஒரு பயிற்சி வகுப்பில் எங்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். மனச்சோர்வைப் பற்றி டாக்டர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய 1992-இல் உருவான கேள்வித்தாள், பல நாடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். வயதானால் மனச்சோர்வு வருவது இயற்கை, இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்ப்பது பெரும் பாரம் என்றெல்லாம் வரிகள் இருக்கும், ஒப்புக்கொள்கிறீர்களா என்று குறிக்க வேண்டும். நான் இரண்டுக்கும் ஆம் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. வகுப்பு எடுத்தவர் என்னைவிட இருபது வயது சின்னவர். "சார், வயதானால் சர்க்கரையும்தான் வருது. மாத்திரை எழுதாம விடுவீங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடானது.

உங்கள் முதல் கேள்விக்கு அதுதான் பதில். காரணம் தெரிந்தால் நோய் இல்லை என்பது எங்கள் பழைய கணக்கு. வண்டியில் அடிபட்டுக் கால் ஒடிந்தவரிடம், "அடிபட்டா ஒடியத்தான் செய்யும்" என்று வீட்டுக்கு அனுப்புவதில்லையே. துக்கத்துக்கும் இதற்கும் கோடு எங்கே என்பதில் நிபுணர்களுக்கே தகராறு உண்டு. மனநோய்களை வரையறுக்கிற டிஎஸ்எம் என்கிற அமெரிக்கக் கையேட்டின் 1994 பதிப்பில், நெருங்கியவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் மனச்சோர்வு என்ற பெயரைச் சூட்டாதே என்று இருந்தது. 2013 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், பெரிய சண்டை நடந்தது. ஆனால் உங்கள் வீட்டு விஷயத்தில் அந்தச் சண்டைக்கே வேலை இல்லை. பதினாலு மாதம், ஏழு கிலோ, மூன்று மணி விழிப்பு. துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவில் இறந்தவர் செய்த கோமாளித்தனத்தை நினைத்துச் சிரிப்பும் வரும். இது அப்படி இல்லை. அப்பா இறந்த மறுநாள்கூட எழுதிய நோட்டு ஆடியில் நின்றது என்றீர்களே, பதினாலாயிரம் கொடுத்து வாங்கிய எந்த ரிப்போர்ட்டையும்விட எனக்கு அது பெரிய ரிப்போர்ட்.

உடம்பு வலியாகவே சொல்கிறாரே என்பதற்கு: நம் ஊர்க்காரர்கள்தான் இப்படி என்று நானும் நினைத்திருந்தேன். 14 நாடுகளில் 15 நகரங்களில், பெங்களூரும் அதில் ஒன்று, பொது மருத்துவரிடம் வந்தவர்களை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் பார்த்தார்கள். அதன் கணக்கு 1999-இல் வெளியானது. மனச்சோர்வு இருந்தவர்களில் 69 சதவீதம் பேர் டாக்டரிடம் வந்த காரணமாகச் சொன்னது உடம்பு உபாதை மட்டும்தான். அதிலேயே இன்னொன்றும் வந்தது. தனக்கென்று ஒரு டாக்டர் நிலையாக இல்லாத இடங்களில்தான் உடம்பு உபாதை மட்டும் சொல்வது அதிகம். அதாவது, தெரிந்த டாக்டர் என்றால் வாய் கொஞ்சம் திறக்கும். என் ஊரில் அந்தத் தெரிந்த டாக்டர் நான்தான். திறந்த வாய்க்குத் தெர்மாமீட்டரை வைத்தேன்.

ஒரு டீக்கடைக்காரர். வாயு, வயிறு உப்புசம் என்று ஒன்பது தடவை வந்தார். ஒன்பது தடவையும் பேண்டோபிரசோல், வயிற்று அமிலத்துக்கான மாத்திரை. "சார், அவரு நாலு நாளா கடை திறக்கல" என்று என் கம்பவுண்டர் சொன்னான். அடுத்த டோக்கனைக் கூப்பிடு என்றேன். அந்த வாரமே அவரைத் தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்தார். அதற்கப்புறம் என்னிடம் வரவே இல்லை. கடையைத் தாண்டிப் போகும்போது இரண்டு பேரும் வேறு பக்கம் பார்ப்போம்.

எங்கள் கூட்டத்துக்காக ஒரு வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். பொது மருத்துவர்கள் மனச்சோர்வில் பாதியைத்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று 2009-இல் 118 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். அதையே எல்லோரும் தூக்கிப் பிடிப்பார்கள். அதே கட்டுரையில், இல்லாதவருக்கு இருக்கிறது என்று சொல்லிவிடுவதும் நிறைய நடக்கிறது, முதல் தடவையே முடிவு கட்டாமல் திரும்பத் திரும்பப் பார்த்தால் தேறும் என்றும் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. சோகமாக இருக்கிறவருக்கெல்லாம் மாத்திரை எழுதுகிற டாக்டரும் எனக்கு வேண்டாம்.

இனி எப்படிச் சொல்வது. நீங்கள் செய்த தவறு கேட்டதில் இல்லை, கேட்ட விதத்தில். நோயாளியின் முன்னால், கூட்ட நேரத்தில், நோயின் பேரோடு போனீர்கள். டாக்டரிடம் பேரைக் கொண்டு போகாதீர்கள், கண்டதைக் கொண்டு போங்கள். பேர் வைப்பது எங்கள் வேலை, அதில் கை வைத்தால் ரோஷம் வரும். தனியாகப் போங்கள், கடை கட்டுகிற நேரத்துக்கு. அரைப் பக்கத்தில் எழுதுங்கள். எடை அப்போது இவ்வளவு, இப்போது இவ்வளவு. எத்தனை மணிக்கு விழிக்கிறார். நோட்டு எந்தத் தேதியில் நின்றது. "நடிக்கிறேனா" என்று கேட்டது. அந்த நோட்டையே எடுத்துப் போனாலும் நல்லது. கடைசியாக, "நீங்க எழுதினாத்தான் சார் அம்மா சாப்பிடுவாங்க" என்று சொல்லுங்கள். அது முகஸ்துதி இல்லை, உண்மை.

சில விஷயங்களை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தால் பணிவாக ஞாபகப்படுத்துங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதோடு தேடுவதை நிறுத்தலாம். பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால், மனச்சோர்வு மாத்திரையும் சேரும்போது இந்த வயதில் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் ஒரு டெஸ்ட் போதும். அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, அவர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டே வர வேண்டும். முன்பு எப்போதாவது வாரக்கணக்கில் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமாக இருந்ததுண்டா என்று அவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், அப்படி இருந்தால் மருந்தே வேறு. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டல்தான் முன்னால் வரும், குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நாலாம் நாள் மாத்திரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். சரியானதும் நிறுத்துவதும் கூடாது, அதற்கப்புறம் குறைந்தது ஆறு மாதம்.

சேலத்து அம்மணிக்கு: "நரம்புக்கு" என்ற அந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். வேலை செய்யும். ஆனால் நரம்பு சரியாயிடுச்சு என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவார்கள், ஆறாம் மாதம் பழைய இடத்துக்கே வருவார்கள். பின்னாளில் நான் சொன்னது, "மனசு சோர்ந்து போச்சு, அது உடம்புலயும் தெரியுது, ரெண்டும் நெஜம்." மன அழுத்தம் என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, அது எனக்குப் பிடிப்பதில்லை. அழுத்தம் ஆபீஸில் வருவது. இது சோர்வு.

தாலுகா தாலுகாவாக

மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை, பேருக்கு ஏற்றபடி பஸ்ஸில்தான் குடித்தனம். ஐயா எழுதியதற்கு மேல் மூன்று விஷயம் மட்டும்.

கோவாவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் பொது மருத்துவர்களிடமும் ஒரு பெரிய சோதனை செய்தார்கள், 2010-இல் முடிவு வந்தது. டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் கூட இருந்ததில் அரசு நிலையங்களுக்கு வந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். தனியார் டாக்டர்களிடம் ஆலோசகரைச் சேர்த்ததால் பெரிய வித்தியாசம் வரவில்லை, காரணம் அங்கே வழக்கம்போல் பார்த்தவர்களும் ஏற்கனவே நன்றாகத்தான் தேறிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வடவாற்றங்கரையாரே, அம்மா அந்த டாக்டரை விடமாட்டேன் என்பதைப் பிடிவாதமாக மட்டும் பார்க்காதீர்கள். 2017-இல் அதே கோவாவிலிருந்து வந்த இன்னொரு முறையில் ஆறிலிருந்து எட்டு அமர்வு, சாராம்சம் சின்னச் சின்னச் செயலை மறுபடி தொடங்க வைப்பது. மனசு சரியானால் எழுதுவார் என்று காத்திருக்க வேண்டாம். சித்தியைத் தினம் பத்து நிமிடம் நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். நாலு வீட்டுக் கணக்கு போதும்.

இரண்டாவது, சாகலாம் போலத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது தவறு. எங்கள் ஒன்பது கேள்விப் படிவம், பிஎச்க்யூ-9, அதில் கடைசிக் கேள்வியே இதுதான். நீங்கள் கேட்கத் தயங்கினால் டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். ஆமாம் என்ற பதில் வந்தால் மனநல மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம், மருந்து இலவசம். மாடு வயல் உள்ள வீடு, பூச்சிமருந்து டப்பா இருந்தால் இன்றைக்கே சித்தி வீட்டுக்குப் போகட்டும்.

மூன்றாவது, 14416. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. ராத்திரி மூன்று மணிக்கும் தமிழில் எடுப்பார்கள். அம்மா பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள்.

வடவாற்றங்கரையான்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ராத்திரி ஒன்பதரைக்குப் போனேன். கம்பவுண்டர் அண்ணன் டோக்கன் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தாளையும் பால் நோட்டையும் மேசையில் வைத்தேன், ஒன்றும் பேசவில்லை. படித்தார். "ஏழு கிலோவா? நான் எடை பார்க்கலையா?" என்று திரும்பினார். எடை மெஷின் மேலே பழைய பேப்பர் கட்டு இருந்தது. நோட்டை ஆடி வரைக்கும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவர் வீட்டுக்கும் நாங்கள்தான் பால், அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் பக்கமும் வெறுமையாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, "உங்கப்பா போனதுக்கப்புறம் எனக்கே ஆறு மாசம் சரியான தூக்கமில்லடா" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் சீட்டாடுவார்கள். அன்றைக்கு அவர் என்மேல் சீறியதை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அம்மாவைக் கடைசி டோக்கனாக வரச் சொன்னார். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசினார். உள்ளே அம்மா அழுதது கேட்டது, பதினாலு மாதத்தில் முதல் தடவை. அப்புறம் என்னை மட்டும் கூப்பிட்டு, "அப்பாவோட பழைய மாத்திரையெல்லாம் பீரோவுல இருக்காம். இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடு. சித்தியை ராத்திரி வந்து படுத்துக்கச் சொல்லு" என்றார். அவர் என்ன கேட்டார், அம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஒரு பை நிறைய இருந்தது.

தைராய்டு சரி, பி12-உம் சரி. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 5, காலையில், ஒரு வாரம் கழித்து 10. தஞ்சாவூர் மனநல மருத்துவரிடம் அவரே போனில் பேசினார், அடுத்த வாரம் அவரே காரில் கூட்டிப் போனார். போர்டைப் பார்த்துவிட்டு அம்மா இந்தத் தடவை நடந்து போகவில்லை. நாலாம் நாள் குமட்டல், மாத்திரை வேண்டாம் என்றார். டாக்டர் சாயங்காலம் போன் போட்டு, "இன்னும் நாலு நாள் எனக்காக" என்றாராம்.

இப்போது விழிப்பது நாலரைக்கு. அல்பிரசோலம் பாதி மாத்திரையாகியிருக்கிறது. நோட்டில் இன்னும் எழுதவில்லை, சித்தியை விரட்டிவிடுகிறார். ஆனால் போன வாரம் முனை வீட்டுக்குப் போய் மூன்று மாதப் பால் பாக்கியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நோட்டு இல்லாமல், லிட்டர் கணக்கு மனதிலேயே. அவர்கள் சொன்ன தொகையைவிட நாற்பது ரூபாய் அதிகம், அம்மா கணக்குதான் சரி.

அந்தச் சிவப்பு ஊசி மட்டும் இன்னும் வாரம் ஒன்று போகிறது. எதற்கு சார் என்றேன். "சத்துக்குத்தான்டா. அதோட, அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள பழக்கம்" என்கிறார்.

கழற்றி வைத்த ஸ்டெத்

ஊசியைத் தொடாதே தம்பி. சோடியம் எவ்வளவு?

வடவாற்றங்கரையான்

136.

கழற்றி வைத்த ஸ்டெத்

சரி.